சூரன் ஏன் சேவலானான்? புராணப் போர்க் கதைகளைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு

எங்கள் ஊர் முருகன் கோயில் சூரசம்ஹாரத்தில் மூன்று வருஷம் சூரன் பொம்மையைத் தூக்கியவன் நான். சப்பரத்துக்குக் கீழே தோள் கொடுத்து நிற்பவனுக்குச் சூரனுடைய முகம் தெரியாது. தலையைச் செருகுகிற முளைக்கட்டையும் அதில் சுற்றிய சணல் கயிறும்தான் தெரியும். வேல் வந்து தொட்டதும் யானைத் தலையைக் கழற்றுவார்கள். ஏணியில் நிற்பவர் சிங்கத் தலையை வாங்கிச் செருகுவார். அது கழன்றதும் சூரனுடைய சொந்தத் தலை ஏறும்.

பெங்களூரில் வளர்ந்த என் அக்கா மகள் ஒரு வருஷம் பார்க்க வந்திருந்தாள். "மாமா, அதான் செத்துட்டானே, அப்புறம் ஏன் வேற தலை வைக்கிறீங்க?" என்று கேட்டாள். "பேசாம வேடிக்கை பாரு" என்று அதட்டி வைத்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை, அதுதான் விஷயம். அதற்குப் பிறகுதான் கதையை உட்கார்ந்து படித்தேன். அவளைப் போலப் புதிதாக வருகிறவர்கள் எங்கே தொடங்கலாம், எதைக் கவனிக்கலாம் என்று நான் தட்டுத்தடுமாறிக் கண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "தீமையை நன்மை வென்றது" என்ற ஒற்றை வரியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அது பொய் இல்லை. ஆனால் எல்லாப் போருக்கும் ஒரே மாதிரி பொருந்துவதால் எந்தப் போரைப் பற்றியும் அது எதையும் சொல்வதில்லை.

படி 1: ஒரே ஒரு போரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படிக்கப் போனால் பெயர்களிலேயே மூழ்கிவிடுவீர்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது சூரபத்மன் கதை. மூலநூல் தமிழிலேயே கிடைக்கிறது, வருஷா வருஷம் கண்ணெதிரே நடக்கவும் செய்கிறது.

நூல், காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம். 6 காண்டம், 10,345 பாட்டு. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். கந்தபுராண வசனம் என்று உரைநடையில் கிடைப்பதை முதலில் ஒரு தடவை ஓட்டிவிட்டு, பிடித்த இடங்களில் மட்டும் பாட்டுக்குப் போங்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் இதற்கென்றே புராண படனம் என்ற வழக்கம் உண்டு. ஒருவர் பாட்டை இசையோடு வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் (பொருள்) சொல்லுவார். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இப்படியே செய்யலாம். தனியாகப் படிப்பதைவிட வேகமாக மனதில் பதியும்.

புதியவர்கள் நேரே யுத்த காண்டத்துக்குத் தாவுவார்கள். வேண்டாம். அசுர காண்டத்தை முதலில் படியுங்கள். சூரனுடைய தாய் மாயை, அவன் செய்த வேள்வி, தம்பிகளான சிங்கத் தலைச் சிங்கமுகன், யானைத் தலைத் தாரகன் (சப்பரத்தில் மாற்றுகிற தலைகள் இவர்களுடையவைதான்), தங்கை அசமுகி, தென்கடலில் எழுப்பிய வீரமகேந்திரபுரம் என்று எதிரியின் வீட்டுக் கதை முழுக்க அதில் இருக்கிறது. கொல்லப்படப் போகிறவனுக்கு ஒரு காண்டத்தையே ஒதுக்கியிருக்கிறார் புலவர். காரணம் இல்லாமலா?

படி 2: வரத்தை நோட்டில் எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கதைகளின் சாவி போர்க்களத்தில் இல்லை. அசுரன் தவம் முடித்து வாய் திறந்து கேட்கிற வரத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் அவன் என்ன கேட்டான் என்று எழுதுங்கள். எதிர்ப் பக்கத்தில், எதைக் கேட்காமல் விட்டான் என்று எழுதுங்கள்.

இரணியன் மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டுக்குள்ளும் வெளியிலும் சாவு கூடாது என்றான். வந்தது நரசிங்கம், அந்தி நேரம், வாசற்படி. எருமை அசுரன் மகிடன் ஆண்களால் சாவு கூடாது என்றான். பெண்ணை அவன் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. முப்புரத்து அசுரர்கள் மூவரும் பொன், வெள்ளி, இரும்பு என மூன்று பறக்கும் கோட்டைகளை வாங்கிக்கொண்டு, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு தடவை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது ஒரே அம்பில் எரித்தால் மட்டுமே அழிவு என்று கேட்டார்கள். அப்படி ஒரு வில்லாளி பிறக்கவே போவதில்லை என்பது அவர்கள் போட்ட கணக்கு.

சூரன் வாங்கியதோ 108 யுகம் ஆயுள், 1008 அண்டங்களின் ஆட்சி, வச்சிர உடம்பு, நினைத்த இடத்துக்குப் போகும் இந்திரஞாலத் தேர். சிவனுடைய சக்தியைத் தவிர வேறு எதனாலும் அவனுக்கு அழிவில்லை. அதே சிவனுடைய நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு பொறி கிளம்பிச் சரவணப் பொய்கையில் குழந்தையானபோது, அந்தச் சக்திதான் இது என்று அவனுக்கு உறைக்கவில்லை. கடைசிவரை "பாலன்" என்றே பேசிக்கொண்டிருந்தான்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எவனும் பலம் குறைந்து விழவில்லை. எதை இளப்பமாக நினைத்தானோ அதனால் விழுந்தான். அந்த இளப்பம் ஆளுக்கு ஆள் வேறு. அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

படி 3: எதிர்த்தரப்பில் நிற்பது யார்?

அசுரன் என்றவுடன் கொம்பும் கோரைப் பல்லும் கொண்ட பிசாசை நினைக்காதீர்கள். தேவர், அசுரர் இருவருக்கும் அப்பா காசிபர்தான். தாய்மார்தான் வேறு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பங்காளிச் சண்டை. ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் வருணனைக்கூட அசுரன் என்று போற்றியிருக்கிறார்கள். அப்போது அது வசைச் சொல்லே இல்லை.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லும் அட்டவீரட்டத் தலங்கள் எட்டு. திருக்கோவலூரில் அந்தகன், திருவதிகையில் முப்புரம், திருவிற்குடியில் சலந்தரன், வழுவூரில் யானை. சரி, இவர்கள் எதிரிகள். மீதி நான்கு? திருக்கண்டியூரில் தலை இழந்தவன் பிரமன். திருப்பறியலூரில் தக்கன், திருக்குறுக்கையில் மன்மதன், திருக்கடையூரில் யமன். பாதிப் பேர் தேவர் பக்கத்து ஆட்கள்! கந்தபுராணமும் தேவர்களை விட்டுவிடவில்லை. சிவனை அவமதித்த தக்கன் வேள்வியில் உட்கார்ந்து அவியுணவு வாங்கித் தின்றதால்தான் தேவர்கள் சூரனிடம் அவ்வளவு பாடுபட்டார்கள் என்கிறது கடைசியாக வரும் தக்க காண்டம்.

படி 4: தூதைத் தாண்டிப் போகாதீர்கள்

போருக்கு முன்னால் தூது ஒன்று கட்டாயம் இருக்கும். கந்தபுராணத்தில் முருகனின் படைத்தலைவர் வீரவாகு போகிறார். அசுரர்களோடு தேவி செய்த போர்களைச் சொல்லும் வடமொழி நூலான தேவி மகாத்மியத்தில் சிவனையே தூது அனுப்புகிறாள் தேவி. அதனால் அவளுக்குச் சிவதூதி என்று பெயர். அவசரத்தில் புரட்டிவிடுவோம். ஆனால் எதிரி வீட்டுக்குள் இரண்டு குரல் கேட்பது அங்கேதான். தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொல்கிறான் சிங்கமுகன். அண்ணன் கேட்கவில்லை. உன்னைத் தனியே விட்டுவிட மாட்டேன் என்று அவனும் களத்துக்கு வந்து சாகிறான். எங்கள் கோயிலில் சிங்கத் தலையைக் கழற்றும்போது இப்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

படி 5: கல்லில் ஒரு தடவை பாருங்கள்

படித்ததைச் சரிபார்க்க மாமல்லபுரம் போங்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிடாசுரமர்த்தினி குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் எட்டுக் கையோடு தேவி, நாண் இழுத்த வில். எதிரே எருமைத் தலையும் மனித உடம்புமாக மகிடன்.

அவசரப்படாமல் மகிடனை மட்டும் ஐந்து நிமிஷம் பாருங்கள். அவன் இன்னும் விழவில்லை. இரண்டு கையிலும் கதாயுதத்தைப் பிடித்திருக்கிறான், உடம்பு மட்டும் பின்னால் சாய்ந்திருக்கிறது. தலையில் மகுடம், மேலே அரசனுக்குரிய குடை. அவனுடைய படையாட்கள் பின்வாங்குகிறார்கள். தேவியின் பக்கம் இருக்கிற குள்ளக் கணங்கள் முன்னே பாய்கின்றன. மகிடன் உடம்பில் வெட்டு, ரத்தம் எதுவும் கிடையாது. போரின் திசை மாறுகிற நொடியைத்தான் சிற்பி எடுத்துக்கொண்டான். எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவையைச் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி பாடுகிறது. அது போர் முடிந்த பிறகு உள்ள காட்சி. இந்தச் சுவரில் இருப்பது அதற்குச் சற்று முன்னால்.

அப்படியே திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். பாம்பணையில் திருமால் உறங்குகிறார். கால்மாட்டில் மது, கைடபன் இருவரும் சண்டைக்குத் தயாராக நிற்கிறார்கள். தேவி மகாத்மியத்தின் 13 அத்தியாயங்களில் வரும் மூன்று போர்களில் இரண்டு, இந்தச் சின்னக் குகைக்குள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. ஒருபுறம் விழிப்பின் உச்சம், மறுபுறம் உறக்கம். திருமாலை உறங்க வைத்ததும் தேவிதான், அவள் விலகினால்தான் அவர் எழுவார் என்கிறது அந்தக் கதை. புத்தகத்தில் படித்தபோது எனக்கு இந்தப் பொருத்தம் எட்டவே இல்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தபோதுதான் எட்டியது.

படி 6: செத்தவன் என்ன ஆனான்?

இதுதான் என் அக்கா மகள் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வருகிற படி. போரில் யார் ஜெயித்தார் என்பதைக் குழந்தையும் சொல்லும். தோற்றவன் எங்கே போனான் என்று தேடுங்கள்.

முப்புரம் எரிந்ததில் மூன்று பேர் தப்பினார்கள். இருவர் சிவன் கோயில் வாசலில் காவலாளர் ஆனார்கள், ஒருவர் முழவு வாசிப்பவர் ஆனார் என்று திருப்புன்கூர்ப் பதிகத்தில் பாடுகிறார் சுந்தரர். மாவலியைப் பாதாளத்துக்கு அழுத்திய திருமால் அவனுடைய வாசலிலேயே காவலுக்கு நிற்கிறார். கேரளத்தில் வருஷம் தவறாமல் பூக்கோலம் போட்டு அவனை வரவேற்கிறார்கள். யானையை உரித்த சிவன் அந்தத் தோலையே போர்த்திக்கொள்கிறார்.

இனிச் சூரனுக்கு வருவோம். கச்சியப்பர் இங்கே செய்திருக்கிற வேலையைப் போல வேறெங்கும் நான் பார்க்கவில்லை. போர் முற்றும்போது முருகன் தன் பேருருவைச் சூரனுக்குக் காட்டுகிறார். அவன் வாயடைத்துப் போகிறான். "பாலன் என்று இருந்தேன் அந்நாள், பரிசு இவை உணர்ந்திலேன் யான்" என்கிறான். அடுத்துச் சொல்வதுதான் முக்கியம். என் கால்கள் இவரைச் சுற்றி வர வேண்டும், கைகள் தொழ வேண்டும், தலை தாழ வேண்டும், நாக்கு துதிக்க வேண்டும், தீமை விட்டு இவருக்கு ஆளாகி வாழ வேண்டும் என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்துகிறான்: "தடுத்தது மானம் ஒன்றே."

பேருருவம் மறைந்ததும் ஞானமும் போய்விடுகிறது. மறுபடி சண்டை. இருளாகிறான். கடலுக்குள் மாமரமாகி நிற்கிறான். வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். இரண்டும் சீறிக்கொண்டு பாய்ந்து வருகின்றன. முருகன் அருளோடு பார்க்கிறார், பகை அடங்குகிறது. மயில் ஊர்தி, சேவல் கொடி. இதற்குத்தான் நம் சைவப் பெரியவர்கள் மறக்கருணை என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அடித்துத் திருத்துகிற கருணை.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். இந்தக் கதை முழுக்க இதே வடிவத்தில் ஆதிமுதல் இருந்ததில்லை. சங்கப் பாட்டில் சூர் என்பது அச்சம் தருகிற ஒரு தெய்வ ஆவி. திருமுருகாற்றுப்படை முருகன் மாமரத்தை வெட்டியதைச் சொல்கிறது. தம்பிகளும் மானமும் புலம்பலும் நிறைந்த சூரபத்மன் பிற்காலத்தில் வளர்ந்தவன். "உண்மையான கதை எது?" என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எது எந்தக் காலத்தில் சேர்ந்தது என்று பாருங்கள்.

படி 7: பொருள் கேட்பது இப்போதுதான்

முன்பே கேட்டிருந்தால் யாரோ சொல்லும் பட்டியலை மனப்பாடம் செய்திருப்பீர்கள். உள்பொருள் தேடுவது புதுப் பழக்கமும் இல்லை. திருமூலர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்: "முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள், முப்புரமாவது மும்மல காரியம்." வானத்தில் பறந்த கோட்டை என்று நினைக்காதே, உன்னைக் கட்டியிருக்கிற ஆணவம், கன்மம், மாயை மூன்றும்தான் அவை என்கிறார்.

சூரசம்ஹாரத்துக்கும் சைவர்கள் இதையே பொருத்துவார்கள். தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரன் ஆணவம், வேல் ஞானம். தலை விழுகிற வரிசையையும் கவனியுங்கள், ஆணவம்தான் கடைசி. சைவ சித்தாந்தத்தில் ஆணவம் அடியோடு அழிவதில்லை, வலிமை ஒடுங்கிக் கிடக்கும். அதனால்தான் சூரன் சாம்பலாகாமல் சேவலாகிறான் என்று ஒரு பெரியவர் சொல்லக் கேட்டேன். அதற்குப் பிறகு "தடுத்தது மானம் ஒன்றே" என்ற வரி எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது.

ஆனால் இதை அகராதி போல எல்லா இடத்திலும் நீட்டாதீர்கள். இந்திரன் விருத்திரனைக் கொல்கிற ரிக் வேதக் கதையில் சிறைப்பட்டிருந்தது தண்ணீர். அவன் விழுந்ததும் ஆறுகள் ஓடுகின்றன. அங்கே மும்மலத்தைத் தேடுவது வீண். மழைக்கும் வறட்சிக்கும் நடந்த போராக அதைப் பார்ப்பவர்கள் உண்டு, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பின்னால் பாகவதம் அதே விருத்திரனைப் பெரிய பக்தனாக்கிவிட்டது. அசுரர்களைத் தோற்கடிக்கப்பட்ட மக்களின் நினைவாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வாதம் மேடை ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் தோற்றவன் தரப்பைத் தேடச் சொன்ன அளவில் அது நல்ல வாசிப்பு.

படி 8: நேரில் போங்கள்

ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கி ஆறாம் நாள் சஷ்டி. திருச்செந்தூர் கடற்கரையில் மாலை நான்கு மணிக்கு மேல் சம்ஹாரம். திருநெல்வேலியிலிருந்து சுமார் 60 கி.மீ. அன்று மத்தியானத்துக்குள் ஊருக்குள் போய்விடுங்கள், பிறகு வண்டி நகராது. குழந்தைகளின் கையில் போன் நம்பரை எழுதி விடுங்கள். கையில் தண்ணீர், தலைக்குத் துண்டு. மணலில் நிற்க வேண்டியிருப்பதால் செருப்பைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. அவ்வளவு கூட்டம் வேண்டாம் என்றால் உள்ளூர் முருகன் கோயில்களிலேயே பாருங்கள், சூரன் இன்னும் பக்கத்தில் தெரிவான். இலங்கையில் இருந்தால் சூரன் போர் என்று விசாரியுங்கள். திருத்தணிக்குப் போய் ஏமாறாதீர்கள். முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் அங்கே சம்ஹாரம் நடக்காது.

பார்க்கும்போது முருகன் கை வேல் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்காமல் சூரனைப் பாருங்கள். யானைமுகத்தோடு வருகிறவன் எடுத்த எடுப்பில் மோதுவதில்லை. முதலில் சுவாமியைச் சுற்றி வருவான். மூன்று தடவை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். சுமந்த மூன்று வருஷமும், கூட்டத்துக்குள் வழி இல்லாமல் இது எதற்கு வீண் அலைச்சல் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சுற்றினேன். என் கால்கள் இவரைச் சுற்றி வர வேண்டும் என்று சூரன் புலம்புகிற பாட்டை அப்போது நான் படித்திருக்கவில்லை.

சேவல் பறந்ததும் கூட்டம் கடலில் குளிக்க ஓடும். நீங்கள் கிளம்பிவிடாதீர்கள். போர் முடித்து வந்த சுவாமிக்கு எதிரே ஒரு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் நிழலுக்கு அபிஷேகம் செய்வார்கள். சாயாபிஷேகம் என்று பெயர். போன தடவை அக்கா மகளையும் கூட்டிப்போயிருந்தேன். கண்ணாடியில் பால் வழிவதைப் பார்த்தபடி நின்றவள், "இது எதுக்கு மாமா?" என்றாள். இந்த முறை அதட்டவில்லை. "நாளைக்கு முருகனுக்குக் கல்யாணம்ல," என்றேன். "சண்டை போட்ட சூடு ஆறணும்."